பாதுஷாவின் மழைக்கால வீடு

டெல்லி மெஹ்ரௌலியின் தர்கா சந்துக்குள் ஒரு வாசல் நிற்கிறது. அம்பாரியோடு யானை நுழையக் கட்டியது. பெயரும் யானை வாசல்தான், ஹாத்தி தர்வாசா. சிவப்பு மணற்கல், இடையிடையே வெள்ளைச் சலவைக்கல் பட்டைகள், வளைவின் இரு தோள்களிலும் விரிந்த தாமரைப் பதக்கங்கள், நெற்றியில் வங்காளத்து ஓலைக்கூரையின் வளைவைக் கல்லில் வடித்த இறவாணம், அதற்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மாடங்கள். இதைக் கட்டியவர் பகதூர் ஷா ஜஃபர், கடைசி மொகலாயப் பேரரசர். பட்டத்துக்கு வந்த பதினோராம் ஆண்டில், அதாவது 1847-48இல். அடுத்த பத்தே வருஷத்தில் பேரரசும் போயிற்று, பேரரசரும் போனார். மொகலாயர் எழுப்பிய கடைசிப் பெரிய கட்டுமானம் இதுதான் என்பார்கள்.

செங்கோட்டையும் ஹுமாயூன் கல்லறையும் பார்க்க வருகிற நம்மூர்க்காரர்கள் குதுப் மினாருக்கும் வருகிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், இந்த வாசலுக்குப் பின்னால் இருக்கும் ஜஃபர் மஹாலுக்கு வருவதில்லை. டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பாடப் புத்தகத்தில் இந்த வீட்டுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதனாலேயே ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளையும் இங்கே கூட்டி வந்துவிடுவேன். "மிஸ், ராஜாவுக்குக் கோட்டை இருக்கும்போது இங்கே எதுக்கு இன்னொரு வீடு?" என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் டெல்லியின் ஐம்பது வருஷ வரலாற்றையே சொல்லியாக வேண்டும்.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு ஒதுக்குப்புறமாக ஓர் ஓய்விடம் வேண்டியிருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படித்தான். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1942இல் மேரிலாந்து மலைக்காட்டில் ஒன்றை அமைத்துக்கொண்டார். பின்னால் வந்த ஐசன்ஹோவர் தம் பேரன் பெயரால் அதற்குக் கேம்ப் டேவிட் என்று பேர் வைத்தார். நம் குடியரசுத் தலைவருக்குச் சிம்லாவை அடுத்த மஷோப்ராவில் ஒன்று, செகந்திராபாத் பொலாரத்தில் ஒன்று. மதராஸ் கவர்னர்கள் வெயில் தொடங்கினால் பரிவாரத்தோடு ஊட்டிக்கு ஏறியது நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒன்று உண்டு: வேலி. ஊர் உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே போட்ட வேலி. மெஹ்ரௌலி வீட்டின் கதை நேர்மாறாகப் போகிறது. இங்கே வந்தபோதுதான் பாதுஷா தம் ஊர் ஜனங்களோடு இருந்தார்.

காரணத்தைச் செங்கோட்டையில் தேட வேண்டும். 1803இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் லேக் நடத்திய படை மராட்டியரை முறியடித்து டெல்லியைப் பிடித்தது. கண் பறிக்கப்பட்ட முதியவரான பாதுஷா ஷா ஆலம் அன்றிலிருந்து கம்பெனியின் பென்ஷனில் வாழ்ந்தார். அவர் மகன் இரண்டாம் அக்பர் 1806இல் பட்டத்துக்கு வந்தார். பென்ஷனைக் கூட்டித் தரும்படி வழக்காடத்தான் அவர் ராம்மோகன் ராய்க்கு 'ராஜா' பட்டம் கொடுத்து 1830இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1835இல் மொகலாயர் பெயர் பொறித்த நாணயம் நின்றது. 1840களில், தர்பாரில் பாதுஷாவுக்கு ஆங்கிலேய அதிகாரிகள் காணிக்கை வைக்கும் வழக்கம் நின்றது. வெளியூர்ப் பிரபு ஒருவரைக் கோட்டைக்குள் வரவேற்பதென்றாலும் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட்டிடம் கேட்டாக வேண்டும். மாதம் ஒரு லட்சம் ரூபாய் வந்தது. அதை நம்பிக் கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான சொந்தபந்தங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிம்மாசனம், உள்ளே வாசல்தோறும் காவல்.

அந்தக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தெற்கே மெஹ்ரௌலி. டெல்லி நகரங்களில் மூத்தது. குதுபுத்தீன் பக்தியார் காக்கி என்ற சூஃபி ஞானி 1235இல் காலமாகி இங்கே அடங்கியிருக்கிறார். அதற்குச் சில வருஷம் முன்பு சுல்தான் இல்துத்மிஷ் வெட்டிய ஹௌஸ்-இ-ஷம்சி என்ற பெரிய ஏரி ஊரின் தென்கோடியில். ஏரி நீர் வழிந்து விழும் இடத்தில், பின்னாளில், ஜர்னா என்ற அருவித் தோட்டம். சுற்றிலும் மாந்தோப்புகள், வெயில் இறங்காத அளவுக்கு அடர்ந்த ஒரு தோப்புக்கு அந்தேரியா பாக் என்று பேர், இருட்டுத் தோப்பு. அந்தப் பேர் இன்றும் அந்தேரியா மோட் என்ற சாலைச் சந்திப்பில் நிற்கிறது, தோப்பைத்தான் காணோம்.

மழை என்றால் டெல்லிக்கு என்ன அர்த்தம் என்பதை இங்கே ஒரு ஜூன் மாதத்தைக் கழித்தவர்களால்தான் உணர முடியும். காவிரிக் கரையில் பிறந்த எனக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, குடை, வயலில் தண்ணீர். டெல்லியில் மழை ஒரு விடுதலை. இரண்டு மாதம் முகத்தில் அறைந்த அனல்காற்று ஒரே நாளில் அடங்குகிறது. ஜனங்கள் மாடிக்கு ஓடுகிறார்கள், கடாயில் எண்ணெய் வைக்கிறார்கள், பகோடா பொரிகிறது. அந்தச் சமயத்தில்தான் பாதுஷா மெஹ்ரௌலிக்குக் கிளம்பினார். அரண்மனைப் பெண்டுகள், இளவரசர்கள், சமையற்காரர், இசைக்காரர் எல்லோரும் வண்டியிலும் பல்லக்கிலும் பின்னால். இரண்டாம் அக்பர் காலத்தில் உருவாகி, மகன் ஜஃபர் யானை வாசல் வைத்து விரித்த மூன்றடுக்கு மாளிகைதான் அவர்கள் தங்கிய வீடு. தர்காவின் மேற்கு வாசலை ஒட்டியே கட்டியிருக்கிறார்கள். ஞானியின் நிழலில் ஒதுங்க வேண்டும் என்பது ஒரு நோக்கம். ஏரிக்கும் தோப்புக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இந்தப் பயணம் அரண்மனையின் வழக்கமாக மட்டும் நிற்காமல் ஊரின் திருவிழாவாக மாறியதற்கு ஒரு தாயின் வேண்டுதல் காரணம். இரண்டாம் அக்பருக்கு மூன்றாவது மகன் மிர்ஸா ஜஹாங்கீர்மேல் உயிர். அவனைத்தான் பட்டத்து இளவரசனாக்க நினைத்தார். ரெசிடென்ட் ஆர்ச்சிபால்ட் சீட்டன் மறுத்தார். முன்கோபக்காரனான அந்தப் பையன் சீட்டனை எல்லோர் முன்னாலும் இழிவாகப் பேசினான். பிறகு அவர்மேல் துப்பாக்கியாலும் சுட்டான். குறி தவறியது. அலகாபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் மும்தாஜ் மஹல் பேகம் பக்தியார் காக்கியிடம் வேண்டிக்கொண்டாள்: மகன் திரும்பினால் சமாதிக்குப் பூப்போர்வை சாத்துகிறேன். 1812இல் மகன் திரும்பி வந்தான். அரண்மனையே மெஹ்ரௌலிக்குப் பெயர்ந்தது. போர்வை கட்டிய பூக்காரர்கள் தங்கள் சந்தோஷத்துக்குப் பூவாலேயே ஒரு பெரிய விசிறியும் கட்டிக் கொடுத்தார்கள் என்பது டெல்லியில் சொல்லிவரும் கதை. ஏழு நாள் கொண்டாட்டம். தர்காவுக்குப் போர்வை போன அதே விழாவில், பக்கத்தில் இருக்கும் யோகமாயா அம்மன் கோயிலுக்கும் பூவிசிறி போயிற்று. கிருஷ்ணனின் தங்கை என்று ஊர் கும்பிடும் அம்மன் அவள். அவளுடைய கோயிலை 1827இல் புதுப்பித்தவரும் அதே அக்பரின் அவையைச் சேர்ந்த ஒரு பிரமுகர்தான்.

அந்த மகன் நிலைக்கவில்லை. மறுபடியும் அலகாபாத், குடி, 1821இல் 31 வயதில் சாவு. நிஜாமுத்தீன் தர்கா வளாகத்தில், சலவைக்கல் சல்லடைச் சுவருக்குள் படுத்திருக்கிறான். வேண்டுதலுக்குக் காரணமானவன் போன பிறகும் விழா நிற்கவில்லை. 'பூல் வாலோன் கி சைர்', பூக்காரர்கள் உலா, ஆண்டுதோறும் நடந்தது. கோட்டையைச் சூழ்ந்த ஷாஜஹானாபாத் நகரின் கடைகள் அடைத்துக் கிடக்கும். ஜனங்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் மெஹ்ரௌலிக்கு வந்து இறங்குவார்கள். மாங்கிளைகளில் ஊஞ்சல். ஏரியில் நீச்சல் வீரர்களின் சாகசம். மாலையில் ஜர்னாவிலிருந்து பூவிசிறி ஊர்வலம், ஷெஹ்னாயோடு. நம் கோயில்களில் சுவாமிக்கு முன் பிடிக்கும் ஆலவட்டத்தைப் பெரிதாக்கி முழுக்கப் பூவால் மூடினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அந்த விசிறி. ஜஃபர் மஹாலின் வாசல் மாடத்தில் நின்று பாதுஷா ஊர்வலத்தைப் பார்ப்பார். மிர்ஸா ஃபர்ஹத்துல்லா பேக் என்ற உருது எழுத்தாளர் இந்த விழாவைப் பற்றி எழுதிய சிறு நூல், டெல்லியின் போன வாழ்க்கைக்கு ஒரு பொக்கிஷம்.

ஜஃபரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஒரு வருஷம் விசிறியோடு யோகமாயா கோயிலுக்கு அவரால் போக முடியவில்லை. அப்படியானால் தர்காவுக்கும் நான் போகமாட்டேன் என்று இருந்துவிட்டாராம். அவரிடம் படை இல்லை, வரி இல்லை, நாணயம் இல்லை. தம் குடிகளில் ஒரு பாதிக்கு மட்டும் பாதுஷாவாக இருக்கமாட்டேன் என்று சொல்கிற உரிமை இருந்தது. அதைச் செங்கோட்டையில் காட்ட வாய்ப்பே இல்லை, மெஹ்ரௌலியில் இருந்தது. இந்த வீட்டை நான் மதிப்பதற்கு இதுவே முதற் காரணம்.

பாதுஷாவின் ஓய்விடத்துக்கு அருகிலேயே இன்னொருவரும் ஓய்விடம் அமைத்துக்கொண்டார். சர் தாமஸ் மெட்கஃப், 1835 முதல் 1853 வரை டெல்லியில் கம்பெனியின் பிரதிநிதி. யமுனைக் கரையில் அவருக்குப் பெரிய மாளிகை இருந்தது. அது போதாமல், மாமன்னர் அக்பரின் பால் சகோதரர் குடும்பத்தைச் சேர்ந்த முஹம்மது குலி கானின் கல்லறையை 1840களில் எடுத்து, எண்கோண மண்டபத்தைச் சாப்பாட்டு அறையாக்கி, சுற்றிலும் அறைகளை ஒட்டவைத்து, 'தில்குஷா' என்று பேர் சூட்டினார். லோதி காலத்துக் குளத்தில் படகு விட்டார், புறாக்கூடு கட்டினார், தோட்டத்தில் சும்மா அழகுக்காகச் சின்னச் சின்னப் போலி மண்டபங்கள் எழுப்பினார். தேனிலவுக்கு வரும் வெள்ளைக்கார ஜோடிகளுக்கு வாடகைக்கும் விட்டார். இன்று அது மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கிறது. கல்லறைச் சுவரில் நீல ஓட்டு வேலையும் சுண்ணாம்புப் பூ வேலையும் இன்னும் மிச்சம் உண்டு. அங்கிருந்து பாதுஷாவின் மாளிகை எட்டிய தூரம்தான். பொழுது போக்கத்தான் வந்தார் என்பவர்களும் உண்டு, கண்காணிக்க வந்தார் என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரே வீடு போதுமானதாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

மெட்கஃப் கலைப்பிரியர். டெல்லிக் கட்டடங்களையும் ஊர்வலங்களையும் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு தீட்டவைத்து, தாமே குறிப்பெழுதி, இங்கிலாந்தில் இருந்த மகள்களுக்கு ஓர் ஆல்பம் தயாரித்தார். 1857இல் அழிந்துபோன பலவற்றை இன்று நாம் பார்க்க முடிவது அந்த ஆல்பத்தால்தான். அந்த நன்றி அவருக்கு உண்டு. ஆனால் பெண்கள் மாம்பழம் தின்பதைக் காணச் சகியாதவர் என்று அவர் மகள் எமிலியே எழுதிவைத்திருக்கிறார். அவர் வீட்டுப் பெண்கள் குளியலறையில் ஒளிந்து பழம் தின்றார்களாம். கூப்பிடு தூரத்தில் மாந்தோப்பு. அதில் இளவரசிகளும் வளையற்காரிகளும் ஊஞ்சலாடிக்கொண்டு பழம் உறிஞ்சிய ஊர். ஒரே ஊரில், ஒரே மழையில், இரண்டு ஓய்வு.

கம்பெனிக்கு மெஹ்ரௌலிமேல் வேறொரு கணக்கு இருந்தது. செங்கோட்டை அவர்கள் படைக்கு வேண்டும். ஜஃபருக்குப் பின் பட்டத்துக்கு வருகிறவர் கோட்டையைக் காலி செய்து குடும்பத்தோடு மெஹ்ரௌலிக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். மூத்த இளவரசர் 1849இல் இறந்ததும் அடுத்தவரான மிர்ஸா ஃபக்ரூவுக்கு ஆசை காட்டினார்கள். 1852இல் அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். ஷாஜஹான் கட்டிய கோட்டையைக் கொடுத்துவிட்டு, மழைக்கால வீடு ஒன்றே கதி என்று ஒரு வம்சம் ஒடுங்குவதற்கான ஒப்பந்தம் அது. கிழவர் ஜஃபருக்கு அது தாங்கவில்லை. இளைய ராணி ஜீனத் மஹலுக்குத் தன் மகன் ஜவான் பக்த் பட்டத்துக்கு வரவேண்டும் என்ற ஆசை. 1853 நவம்பரில் மெட்கஃப் இறந்தபோது, ராணிதான் விஷம் வைத்தாள் என்று அவர் குடும்பம் நம்பியது, நிரூபணம் ஏதுமில்லை. 1856இல் காலராவில் மிர்ஸா ஃபக்ரூவும் போனார். ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. வருவதற்குள் 1857 மே 11ஆம் தேதி மீரட்டிலிருந்து சிப்பாய்கள் செங்கோட்டையில் வந்து நின்றார்கள்.

அதற்குப் பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். செப்டம்பரில் டெல்லி விழுந்தது. ஹுமாயூன் கல்லறையில் ஜஃபர் பிடிபட்டார். தம் சொந்த தர்பார் மண்டபமான திவானி காஸில் குற்றவாளியாக விசாரிக்கப்பட்டார். 1858 அக்டோபரில் நாடு கடத்தப்பட்டு 1862 நவம்பர் 7இல் ரங்கூனில் இறந்தார். மெஹ்ரௌலி வீட்டோடு ஒட்டிய ஒரு செய்தியை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மாளிகையை ஒட்டி, முதலாம் பகதூர் ஷா காலத்து மோத்தி மசூதிக்குப் பக்கத்தில், ஒரு சிறு கல்லறை முற்றம் இருக்கிறது. முதலாம் பகதூர் ஷா, ஷா ஆலம், இரண்டாம் அக்பர் மூவரும் அங்கே. மிர்ஸா ஃபக்ரூவும் அங்கே. நடுவில் ஓர் இடத்தை ஜஃபர் தமக்கென்று குறித்து வைத்திருந்தார். அந்த இடம் இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அங்கே நிற்கும்போது பிள்ளைகளிடம் வேலூரைப் பற்றிச் சொல்வேன். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வேலூரில் கைதியாக இருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அடக்கம். அதே ஆங்கிலேயர், அதே வழிமுறை: அரசனை அவன் மண்ணிலிருந்து பிரித்துவிடு. இன்னொன்றும் சொல்வேன். 1943 செப்டம்பர் 26 அன்று ரங்கூனில் ஜஃபரின் சமாதி முன்னால் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தோடு அணிவகுத்து நின்றார். அந்த ராணுவத்தில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். டெல்லியையே பார்த்திராத நம் ஜனங்கள், டெல்லியின் கடைசி பாதுஷாவை முன்னிறுத்தி டெல்லிக்குக் கிளம்பினார்கள். இதைச் சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பாதுஷா போனபின்னும் பூக்காரர்கள் உலாவை விடவில்லை. அரண்மனை இல்லாமலே ஊர் அதை நடத்தியது. 1942இல், வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலத்தில், அரசாங்கம் நிறுத்தியது. இந்துவும் முஸ்லிமும் ஒரே ஊர்வலத்தில் நடப்பது அன்றைய அரசுக்கு ஆகாத காரியம். சுதந்திரத்தோடு பிரிவினையும் வந்தது. மெஹ்ரௌலி தர்காவே தாக்கப்பட்டது. காந்தி தம் கடைசி உண்ணாவிரதத்தில் வைத்த நிபந்தனைகளில் ஒன்று இந்தத் தர்காவின் உர்ஸ் விழா நடக்க வேண்டும் என்பது. 1948 ஜனவரி 27 அன்று அவரே இங்கே வந்தார். மூன்று நாள் கழித்து அவர் இல்லை. 1960களின் தொடக்கத்தில் நேரு முன்கை எடுத்து உலா மறுபடி உயிர்பெற்றது. இப்போது மழைக்காலம் கழிந்து நடக்கிறது. ஒருநாள் யோகமாயா கோயிலுக்குப் பூவிசிறி, ஒருநாள் தர்காவுக்குப் பூப்போர்வை, ஏரிக்கரை ஜஹாஸ் மஹாலில் கலை நிகழ்ச்சிகள். பல மாநிலங்களின் பெயராலும் விசிறிகள் வருகின்றன.

சுதந்திர இந்தியாவின் தலைவர்கள் ஓய்விடங்களை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். நம் ராஜாஜி 1948இல் கவர்னர் ஜெனரலாகி வைஸ்ராயின் மாளிகைக்குள் போனபோது, அந்தப் பிரம்மாண்டப் படுக்கையறை வேண்டாமென்று சிறிய அறைகளுக்கு மாறிக்கொண்டார். உணவுப் பஞ்சக் காலம் என்பதால் தோட்ட நிலத்தில் கோதுமை விதைக்கச் சொன்னார். சிம்லாவில் வைஸ்ராய்கள் வாழ்ந்த மாளிகை, நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கைவண்ணம் காட்டிய அதே ஹென்றி இர்வின் வடிவமைத்தது, 1888இல் முடிந்தது. குடியரசுத் தலைவரின் கோடை வாசத்துக்கென்று இருந்த அதை, ராதாகிருஷ்ணன் அறிஞர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1965 அக்டோபரில் அவரே அங்கே உயராய்வு நிறுவனத்தைத் திறந்துவைத்தார். தலைவருக்கு மிஞ்சியது மஷோப்ராவின் பழைய மரவீடு. 1850இல் கட்டிய அந்த வீட்டுக்கு நிலம் கோட்டி என்ற சிறு சமஸ்தானத்துடையது. குத்தகைக்கு விடும்போது அந்த மலை ராஜா விதித்த நிபந்தனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை: பாதைகள் பொதுஜனத்துக்குத் திறந்திருக்க வேண்டும், மரம் வெட்டக்கூடாது, மாடு அறுக்கக்கூடாது. வைஸ்ராய்க்கே வீடு போனாலும் வழியை மறிக்காதே என்று சொல்லத் தெரிந்திருக்கிறது அவருக்கு. பொலாரத்தில் ஆங்கிலேய ரெசிடென்ட்டின் நாட்டுப்புற வீடாக இருந்தது இப்போது ராஷ்டிரபதி நிலையம்; தலைவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது தெற்கே வந்து தங்குகிறார், வேலையும் கூடவே வருகிறது. 2023இல் இவை இரண்டும் பொதுஜனம் பார்க்கத் திறந்துவிடப்பட்டன. நல்ல காரியம்.

ஜஃபர் மஹாலையோ யாரும் திறந்துவிட வேண்டியதில்லை, திறந்துதான் கிடக்கிறது. யானை வாசலைத் தாண்டினால் இருபுறமும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், அந்தக் காலத்தில் கடைவீதி மாதிரி அமைத்தது. படியேறினால் கூரை போன கூடங்கள். சுற்றுச்சுவரோடு ஒட்டிக்கொண்டு பின்னாள் வீடுகள் எழும்பிவிட்டன; அவற்றின் பால்கனித் துணிகள் மாளிகைக்குள் எட்டிப் பார்க்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னம் என்ற பலகை உண்டு. காவலாளியும் உண்டு. பகலில் தெருப் பையன்கள் நிழலுக்கு வந்து சீட்டாடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஊர் ஜனம் வந்து உட்கார்வதற்காகவே இருந்த வீடு. குறை வேறிடத்தில். எந்தக் கூடம் யாருடையது, எந்த மாடத்திலிருந்து எதைப் பார்த்தார்கள் என்று சொல்ல அங்கே ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை. இடிந்த கூரைகளை மூடி, கல்லறை முற்றத்தைச் செப்பனிட்டு, நாலு மொழியில் விளக்கம் வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. அந்த நாலில் ஒன்று தமிழாக இருக்கட்டும், ரங்கூனில் அணிவகுத்த நம்மவர்களுக்காக.

போகிறவர்கள் ஆகஸ்டில் போங்கள். மஞ்சள் வழி மெட்ரோவில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கி மெஹ்ரௌலி பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். மேட்டின்மேல் ஆதம் கானின் கல்லறை தெரியும். அதைத் தாண்டிக் கடைத்தெருவில் நடந்தால் தர்காவுக்குப் பூ விற்கிறவர்களின் வரிசை வரும். சந்தன மாலை, ரோஜா இதழ், பச்சைப் போர்வை. அவர்களிடம் 'மஹல்' என்று கேட்டால் போதும், கையைக் காட்டுவார்கள்.